சந்தா கட்டாத வெர்னும் மான் உப்புக்கண்டமும்

வெர்ன் டிக்ஸ்ட்ராவைப் போன்ற சுதந்திர மனிதனை எங்கள் கார் சீட் தொழிற்சாலை கண்டதில்லை. அவன் அப்பா தொழிற்சங்க மறியலில் நின்று முன்பல்லைப் பறிகொடுத்தவர். மகனுக்குப் பல்லெல்லாம் பத்திரம். சங்கம் வாங்கிக் கொடுத்த பல் காப்பீட்டில் பளிச்சென்று இருக்கும்.

எங்கள் மிச்சிகன் மாநிலத்தில் 'வேலை உரிமை'ச் சட்டம் வந்ததும் முதல் ஆளாகச் சந்தாவை நிறுத்தினான். பெயரைப் பார்த்து, யாருக்கோ வேலை கொடுக்கிற சட்டம் என்று ஏமாந்துவிடாதீர்கள். சந்தா கட்டாமலே, சங்கம் பேசி வாங்கிய சம்பளத்தை வாங்கிக்கொள்ளலாம். வம்பு வந்தால் சங்கம் அவனுக்காகவும் வாதாடியே தீர வேண்டும். அவ்வளவு தாராளம்.

"நான் ஓட்டே போடாத ஆளுக்கு என் காசுல பிரசாரம் பண்றீங்க. நான் எதுக்குக் குடுக்கணும், வாண்டா?" என்று என்னைக் கேட்டான். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. சங்கப் பிரதிநிதியான எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்து எங்கள் ஆலையில் சம்பளத்தோடு விடுமுறை. அது கடவுளே போட்ட விடுமுறை என்று வெர்ன் நம்பிக்கொண்டிருந்தான். போட்டது எங்கள் ஒப்பந்தம். பாதிப் பேர் அவனைப் போலவே சுதந்திரமாகிவிட, அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகம் எங்கள் பலத்தை எடைபோட்டுப் பார்த்து அந்த நாளைப் பிடுங்கிக்கொண்டது. சங்கக் கூட்டத்தில் ஆண்கள் அழாத குறை. வெர்ன்தான் கூட்டத்துக்கே வருவதில்லையே! வழக்கம்போலத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது, சொல்லாமல் மட்டம் போட்டதற்காக வேலை போயிருந்தது.

நேராக என்னிடம் வந்தான்.

"ஜோலினுக்கு டயாலிசிஸ் நடக்குது, வாண்டா. காப்பீடு போச்சுன்னா அவ்வளவுதான்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவன் மனைவி ஜோலினின் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

விசாரணையில் மேற்பார்வையாளர் பிரான்ஸ்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்: "இவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

"வேட்டைக்கு முந்தின நாள் வெர்ன்கிட்ட என்ன கேட்டீங்க?" என்றேன்.

வெர்ன் முந்திக்கொண்டான்.

"உப்புக்கண்டம் கேட்டாரு. மிளகு தூக்கலா."

"அப்போ இவன் வேட்டைக்குப் போறது தெரியும். இந்த வருஷம் லீவு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லாம, கறிக்குச் சொல்லி வச்சிருக்கீங்க. அப்படித்தானே?"

நிர்வாகத்துக்காரர்கள் கோப்பை மூடினார்கள். வெர்னுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, காப்பீட்டோடு.

மறுவாரம் சாப்பாட்டு அறையில் வெர்ன் உபதேசம் செய்துகொண்டிருந்தான். "நம்ம கம்பெனி நியாயமான கம்பெனிப்பா. எடுத்துச் சொன்னா கேக்குறாங்க. நடுவுல சங்கம் எதுக்கு?" முன்னால் பொட்டலம் பொட்டலமாக உப்புக்கண்டம். பிரான்ஸ்மாவுக்கு ஏற்கெனவே இலவசமாக ஒன்று போய்விட்டது. நான் ஒன்றை எடுத்தேன்.

"ஏய் வாண்டா, காசு?"

"காசா?"

"பின்ன? குளிர்ல மரத்து மேல உக்காந்து விறைச்சது நானு. ஆளாளுக்குச் சும்மா எடுத்துட்டுப் போனா கட்டுப்படியாகுமா?"

வெர்ன் கையை நீட்டிக்கொண்டே இருந்தான்.

காசைக் கொடுத்தேன். மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணித் திருப்பித் தந்தான்.