ஜப்பான் குளத்தின் எதிர்க்கரை

நான் பார்த்த வெளிநாடுகள் மொத்தம் ஐந்து. ஐந்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பார்த்து முடித்தேன். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வயது என்ன என்று அம்மாவிடம் கேட்டார். எனக்கு எட்டு. அம்மா ஏழு என்றாள். காலையில் பூசை பார்த்து நற்கருணை வாங்கிய நாக்கால் அம்மா அப்படிச் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு அவளிடம் இருந்த பொய்களில் அதுதான் சின்னது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசி அது. பட்டணத்தின் மறுகோடியில் இருந்த பெரிய பூங்காவைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியையும் ஒரு தேசமாக்கி, உலகத் தோட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து யாரும் அதைப் பார்க்கப் போனதில்லை. உலகம்தான் கப்பலேறி எங்களிடமே வந்துகொண்டிருந்ததே. தேசங்களை நாங்கள் சரக்கை வைத்து அடையாளம் சொல்வோம். பர்மா என்றால் அரிசி. ஆஸ்திரேலியா என்றால் கோதுமை. ஜப்பான் என்றால் இரும்புத் தகடு. அமெரிக்கா என்றால் மாதா கோயில் வாசலில் வரிசையில் நின்று வாங்கும் பால் பவுடர்; மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் அரைநாளைக்குப் போகாது.

அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டுபவர். கப்பலின் அடியறையிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்கும் எந்திரம் அது. வின்ச்சில் இருப்பவருக்கு அடியறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. விளிம்பில் ஒருவர் நின்று, கீழே எட்டிப் பார்த்து, கையால் சைகை காட்டுவார். அந்தக் கையை நம்பித்தான் டன் கணக்கில் சரக்கு ஆட்களின் தலைக்கு மேல் போகும். அப்பாவுக்குக் கைகாட்டுபவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. எந்திர இரைச்சலில் அப்பாவுக்குக் காது பாதி போய்விட்டிருந்தது. அதனால் இரண்டு பேரும் வீட்டிலும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஏற்று. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. முஷ்டியை உயர்த்தி அப்படியே பிடித்தால் நிறுத்து. அம்மா சோறு போட்டுக்கொண்டே இருப்பாள். அப்பா முஷ்டியைத் தூக்குவார். அம்மாவுக்கு மட்டும் அந்தச் சைகை கடைசிவரை புரியவேயில்லை.

எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாமாதான் என் வின்ச். நான் விரலைச் சுழற்றினால் அவர் எங்கே இருந்தாலும் வந்து, இரண்டு கையாலும் என்னைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். கவிழ்த்த கையைக் காட்டினால்தான் இறக்கலாம். அவர் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

அந்த மாமாவை நாற்பது நாளாகக் காணவில்லை. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது யாரோ விட்ட கல்லில் ஒரு மேற்பார்வையாளரின் மண்டை உடைந்தது. கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் பெயரெல்லாம் வழக்கில் ஏறியது. மாமா கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றவர். தூக்கிய கையில் கல் இல்லை என்று யார் போய்ச் சொல்வது? இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்த கதை. அப்போது எனக்குச் சொன்னது, மாமா நேர்ச்சைக்காக வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறார் என்று. நாற்பது நாளாக நடக்கிற அளவுக்கு மாமா மெதுவானவர் இல்லையே என்று கேட்டேன். திரும்பியும் நடந்தே வருகிறார் என்று அம்மா சொன்னாள். நம்பிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு எதிர்க்கடையில் புதிதாக ஒரு ஆள் தினமும் உட்கார்ந்து பேப்பர் படித்ததும் எனக்கு உறுத்தவில்லை. பேப்பர் படிப்பவர்கள் எங்கள் தெருவில் குறைவு என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதைகூட இருந்தது.

அந்த ஞாயிறு காலை அம்மா எனக்குக் கிறிஸ்துமஸ் கவுனை மாட்டிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டாள். அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு பாட்டில் கருவாட்டு ஊறுகாய். உலகத் தோட்டத்துக்குப் போர்வை எதற்கு என்று கேட்டேன். வெளிநாட்டில் குளிரும் என்றாள் அம்மா. பஸ் ஏறுவதற்கு முன் அப்பா என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் அவ்வளவு நீளமாக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"அங்க யாரப் பாத்தாலும் கத்தக் கூடாது. ஓடக் கூடாது. பேர் சொல்லிக் கூப்டக் கூடாது. புரிஞ்சிதா?"

மூன்றையும் விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டேன். ஞானோபதேச வகுப்பில் பத்துக் கட்டளையை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். மூன்று எம்மாத்திரம்?

தோட்டத்தில் கூட்டம் அலைமோதியது. முதலில் இங்கிலாந்து. ரோஜாச் செடிகளும் ஓர் இரும்பு பெஞ்சும், புல்லை மிதிக்காதே என்று ஒரு பலகையும். அடுத்து ஹாலந்து. தகரத்தில் செய்த ஒரு காற்றாலை நின்றது. காற்றுக்கு அது சுற்றவில்லை. தோட்டக்காரர் ஒருவர் அவ்வப்போது வந்து கையால் சுற்றிவிட்டுப் போனார். பாரசீகத்தில் நீரூற்று இருந்தது, தண்ணீர் ஐந்து மணிக்கு மேல்தான் வருமாம். மெக்சிகோவைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எண்ணூர் ரோட்டில் ஆடு கடிக்காமல் இருக்க வேலியாகப் போட்டிருக்கும் அதே சப்பாத்திக் கள்ளி. அதற்குப் போய்க் கம்பி கட்டிக் காவல் போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் கை ஈரமாக இருந்தது. அப்பா ஒவ்வொரு தேசத்திலும் செடியைப் பார்க்காமல் வந்த வழியையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாரசீகத்தில் அம்மா நின்று, என் முடியைச் சரி செய்வதுபோல் குனிந்தாள். குனிந்தபடியே அப்பாவின் நல்ல காதுப் பக்கமாகச் சொன்னாள்.

"நமக்குப் பின்னால வராரே, அந்தாளு இங்கிலாந்துல வேர்க்கல்ல வாங்கினாரு. இன்னும் ஒண்ணு கூட துன்னல."

நான் திரும்பினேன். எதிர்க்கடையில் பேப்பர் படிப்பவர். எங்கள் தெருக்காரர் ஒருவரை அவ்வளவு தூரத்தில் பார்த்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கத்தக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது என்பது நினைவுக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அவரைத்தான் அப்பா சொன்னார் என்று நினைத்தேன்.

அப்பாவும் அம்மாவும் போட்டிருந்த திட்டம் இது. ஜப்பானில் ஒரு குளம் உண்டு, அதன் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்த வளைந்த பாலம் உண்டு. குளத்தின் இந்தக் கரையில் ஒரு பெஞ்சு. அம்மா அதில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். எதிர்க்கரையில் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் மாமா நிற்பார். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியது. பிறகு அம்மா பையைப் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும். மாமா பாலத்தைக் கடந்து வந்து பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவார். அங்கே வடக்கே போகும் ஒரு சரக்கு லாரி அவரை ஏற்றிக்கொள்ளும். அதற்கப்புறம் எப்போது பார்ப்போம் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். ஒரு தடவையாவது முகத்தைப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் வந்த ஏற்பாடு இது.

பேப்பர்காரர் பின்னால் இருக்கும்போது திரும்பிப் போய்விட்டிருக்கலாம். போனால் மாமா காத்திருந்துவிட்டுத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அப்பா எங்களை ஜப்பானுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். பையை மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டாள். பேப்பர்காரர் பாலத்தின் இந்த முனையில் சாய்ந்து நின்று தண்ணீரைப் பார்த்தார். அந்தக் குளத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

எதிர்க்கரையில் மூங்கிலுக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஓர் ஆள் நின்றிருந்தார். மெலிந்து, தோள் எலும்பு துருத்தி, யாரோ ஒருவருடைய பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்தால் இப்படித்தான் இருப்பார்கள்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த கையைக் கீழே இறக்காமல், முஷ்டியாக மடக்கி, தலைக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். பார்ப்பவர்களுக்குச் சோம்பல் முறிப்பதுபோல் இருந்திருக்கும். நிறுத்து. வராதே. அம்மா வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா அசையவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் அப்படியே போயிருந்தால் அவர் மூங்கிலுக்குப் பின்னால் மறைந்து போயிருப்பார்.

கத்தக் கூடாது. நான் கத்தவில்லை. ஓடக் கூடாது. ஓடவில்லை, நடந்துதான் போனேன். பெயர் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. குளத்தின் விளிம்பில் போய் நின்று, ஆள்காட்டி விரலை மேலே நீட்டி, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சுழற்றினேன்.

அப்பாவுக்கு முன்னால் நான் நின்றதால் அவர் என் கையைப் பார்க்கவில்லை. மாமா பார்த்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு எனக்கு மேலே அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு பாலத்தில் ஏறினார். ஓடவில்லை, ஒளியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து எழுந்து வருகிறவர்போல் நடந்து வந்தார். பேப்பர்காரரை ஒட்டித்தான் கடந்தார். வந்து, இரண்டு கையாலும் என்னைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துக்கொண்டார். உயரத்திலிருந்து பார்த்தபோது மெக்சிகோ வரைக்கும் தெரிந்தது.

அம்மா எழுந்தாள். பையை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றாள், வாங்கிக்கொள்ளத்தான் ஆளுக்குக் கை ஒழியவில்லை. பேப்பர்காரர் பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, மரியாதையாகத்தான் மாமாவின் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டார். பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"நான்தான். பாப்பாவ எறக்கி வுட்டுட்டு வரேன்" என்றார் மாமா.

நான் கவிழ்த்த கையைக் காட்டவேயில்லை. ஆனாலும் அவர் என்னை இறக்கினார். அதுதான் எனக்கு அன்றைக்குப் பெரிய குறை. அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு அழுகை வந்தது அந்த ஆட்டம் பாதியில் நின்றதால்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா பையை மடியிலேயே வைத்திருந்தாள். மூன்று கட்டளையையும் மீறவில்லை என்று நான் அப்பாவுக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் என் தலையில் கையை வைத்து, ஆமாம் என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர்கள் அதற்காக ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை.

மாமா எட்டு மாதம் உள்ளே இருந்தார். கல் விட்டதற்குச் சாட்சி இல்லாமல் வழக்கு கலைந்தது. துறைமுகத்தில் மறுபடி சேர்க்கவில்லை. காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வேலைக்குப் போனார். பன்னிரண்டு வயதில், ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நான் செய்தது என்ன என்பது எனக்கு உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், மாமாவைக் காட்டிக் கொடுத்தேன் என்று சொன்னேன். என்ன ஏது என்று கேட்காமல் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன். போதவில்லை. மாமா வீட்டுக்கு வந்தால் ஏதாவது வேலை இருப்பதுபோல் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவரிடமே சொல்லிவிட்டேன். அப்பாவின் முஷ்டி துண்டுக்குள் மறைந்திருக்கும், அதனால்தான் நீங்கள் என்னை நம்பி வந்து மாட்டிக்கொண்டீர்கள் என்றேன். மாமா இல்லை என்று தலையாட்டினார்.

"நல்லா தெரிஞ்சிது. கப்பல்ல ஒரு சட்டம் கீது பாப்பா. ஏத்துன்னு காட்றதுக்கு ஒருத்தனுக்குத்தான் அதிகாரம். நிறுத்துன்னு யார் காட்னாலும் நிறுத்தியாவணும், தெருவுல போற நாய் காட்னாலும். பதினோரு வருசம் அந்த வேல பாத்தவன், எனக்குத் தெரியாதா?"

பின்னே ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"விம்கோ நகர்ல ஒரு தோஸ்து வூட்டு பரண்ல நாப்பது நாளு. இரும்பாத, எட்டிப் பாக்காத, அங்க நிக்காத. நல்லவங்கதான், சோறு போட்டாங்க. ஆனா வான்னு ஒருத்தரும் சொல்லலம்மா. நீதான் கூப்ட்ட."

சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு ஐஸ் எத்தனை பார் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கப் போய்விட்டார். நான் சுவரில் சாய்ந்து வெகுநேரம் அழுதேன். ஒளிந்திருக்கும் மனுஷனுக்கு, பிடிபடுவதைவிடக் கூப்பிட ஆளில்லாமல் இருப்பது பெரிய பயமாக இருக்கும் என்பதெல்லாம் எட்டு வயதில் எனக்கு எங்கே தெரியும்? தூக்கச் சொல்லித்தான் நான் கையைக் காட்டினேன்.