எட்டில் ஏழு பங்கு சாமி உத்தரவு

எட்டாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தப் பகடை கொண்டுபோனேன் என்று ஒரு மாணவனின் அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டார். டீச்சரே பிள்ளைகளுக்குச் சூதாட்டம் கற்றுக்கொடுக்கிறாராம். சாயங்காலமானால் அந்த உத்தமர் கோட்டை அடிவாரத்துப் புளியமரத்தடியில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருப்பதை செஞ்சியில் பார்க்காத ஆளில்லை. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, நம்ம பண்பாட்டுக்கு ஏற்ற மாதிரி வேறு ஏதாவது வைத்து நடத்துங்கள் என்றார். பண்பாடுதானே வேண்டும், இந்தாருங்கள் என்று நான் பூவை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கல்யாணமோ நிலமோ எது முடிவு செய்வதென்றாலும் கோயிலில் பூ போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் இலைக்குள் வைத்து ஒரே மாதிரி கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. நாணயம் சுண்டுவதும் இதுவும் ஒரே கணக்குதான். உங்கள் வீடுகளில் இதுவரை என்ன பூ வந்திருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

மறுநாள் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினோம். பாதிக்குப் பாதி வரவேண்டிய இடத்தில் வெள்ளை ஒரு பத்தி முழுக்க ரொம்பி வழிந்தது. சிவப்பு தேடிப்பார்த்தால் நாலு. பிள்ளைகள் முழித்தார்கள். கடைசியில் தளவானூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் எழுந்து, சிவப்பு வந்தால் தங்கள் வீட்டில் மறுபடி போடுவார்கள், மூன்று தபா வரை போடுவார்கள் என்றாள். எங்க வூட்லயும் அப்டித்தான் மிஸ் என்று வகுப்பே சொன்னது.

அதாவது ஒருமுறை வெள்ளை வந்துவிட்டால் அத்தோடு மூட்டையைக் கட்டிவிடுவார்கள். சாமி சரி என்று முணுமுணுத்தால் போதும், எல்லோருக்கும் காது கேட்கும். வேண்டாம் என்றால் மட்டும் அது மூன்று தடவை தொண்டை கிழியக் கத்தவேண்டும். மூன்று முறையும் சிவப்பே வருவதற்கு எட்டில் ஒரு வாய்ப்புதான் என்று பிள்ளைகளை வைத்தே போட்டுக் காட்டினேன். மீதி ஏழு பங்கும் வீட்டில் ஏற்கெனவே முடிவு பண்ணி வைத்ததற்கு. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவலூர்பேட்டை அத்தை எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார்.

மாப்பிள்ளை என்னிடம் இரண்டு முறை போனில் பேசினார். முதல் முறை என் உயரத்தைக் கேட்டார். இரண்டாம் முறை, கல்யாணத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடம் அது இது என்று போகவேண்டாம் என்றார். பிடிக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. அத்தைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நைனாவோ வழக்கம்போல, ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் பூ போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். மணிலாக் கடலை விதைக்கும் முன்னால் அவர் மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பார், போனில் மழை பார்ப்பார், நாலு பேரைக் கேட்பார். மகளைக் கட்டிக்கொடுக்க மட்டும் ஓர் அரளிப்பூ போதும்.

அப்போதே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, கணக்கு வந்தது. "போடறதுன்னா ஒரே தபா போடுங்க நைனா. மூணு தபா எல்லாம் கெடையாது" என்றேன். சாமியிடம் கறார் பேசலாமா என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனா கொஞ்சம் யோசித்து, சரி என்றார். எட்டில் ஏழாக இருந்த ஆபத்தை இரண்டில் ஒன்றாகக் குறைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. படித்தவள் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். அத்தையின் பேத்தி குனிந்து ஒன்றை எடுத்தது. பிரித்தால் வெள்ளை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி என் நெற்றிக்குக் குங்குமத்தோடு வந்தார். இரண்டில் ஒன்று என்றால் அந்த ஒன்றும் வரும் என்பது கணக்கு டீச்சருக்கு அதுவரை உறைக்கவில்லை.

இன்னொரு தபா போட்டுப் பார்க்கலாம் என்றேன். பூசாரி குங்குமத்தட்டோடு அப்படியே நின்றார். வெள்ளை வந்தபிறகு மறுபடி போடச் சொன்ன ஆளை அவர் ஆயுசில் பார்த்திருக்கமாட்டார்.

"நீதானம்மா ஒரே தபான்னு சொன்ன?" என்றார் நைனா.

"எனக்கு அந்த ஆளப் புடிக்கல நைனா. வேணாம்."

அத்தை பேத்தியை இழுத்துக்கொண்டு வெளியே போனார், ஏதோ கெட்ட வார்த்தையைக் குழந்தை கேட்டுவிட்ட மாதிரி. நைனா கோயில் படியில் போய் உட்கார்ந்தார். இதை வீட்டிலேயே சொல்வதற்கு என்ன என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டார். பெண் வேண்டாம் என்கிறாள் என்று சொல்லப்போகிறார், அந்தப் பக்கம் என்ன கத்து கத்தப்போகிறார்களோ என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"பூ போட்டமுங்க," என்றார் நைனா. "செவப்பு வந்துட்டுது. மூணு தபாவும் செவப்புதாங்க."

அந்தப் பக்கம் யாரும் கத்தவில்லை. சாமியே வேண்டாம் என்றபிறகு மனுஷன் என்ன செய்யமுடியும் என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்களாம்.

என்னைக் காப்பாற்றினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வயதில் முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்று சொல்லியிருக்கிறேன், அதையும் கொண்டுபோய் ஓர் அரளிப்பூ பேரில் எழுதிவிட்டார். நான் வேண்டாம் என்றதைச் சொன்னால் என்ன, எதற்கு மூன்று தபா சிவப்பு என்று பொய் சொன்னீர்கள் என்று வண்டியை எடுக்கும்போது சண்டைக்கு நின்றேன். நைனா சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பாமலே பேசினார்.

"பூவே மூணு தபா சொல்லணும். நீ ஒரு தபா சொன்னா யாரும்மா கேப்பாங்க?"

நீங்கள் ஒரே தபாவில் கேட்டீர்களே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கோபத்தில் அதைச் சொல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.