மூன்று கைகளும் ஒரு ரெகுலேட்டரும்

மழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரே தண்ணீர். உப்பு வாருகிற பெண்களுக்கெல்லாம் அப்போது வேலை நின்றுவிடும். எங்கள் பக்கத்து வீட்டு அமராவதி அக்காவுக்கு அந்த மாதங்கள் பிடிக்கும். பாத வெடிப்பு ஆறும். மத்தியானம் படுத்துத் தூங்கலாம். அவள் புருஷன் இருசப்பன் சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசடர் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். சவாரி இல்லாத நாளில் இருவரும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். மீன் வாங்கியது சரியில்லை, குழம்பில் புளி கூடிப்போச்சு, உன் தம்பி அப்படி, உன் அக்கா இப்படி. பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சண்டைதான் கலகலப்பு.

2005ஆம் வருஷம் ஐப்பசியில் அந்த வீட்டில் சத்தமே இல்லை.

அந்தப் பங்குனியில் ஒருநாள் காலை, காரைத் துடைத்துக்கொண்டிருந்த இருசப்பன் டயரோரமாகச் சாய்ந்துவிட்டான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கியது. "சரி." தண்ணீர் வேண்டுமென்றாலும் "சரி", வேண்டாமென்றாலும் "சரி". வலித்தாலும் அதுதான். "அவருக்கு எல்லாம் புரியுதும்மா, வார்த்தைதான் வெளியே வரல" என்று டாக்டர் சொன்னார்.

அமராவதி குழந்தையைப் போல அவனைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள். யாராவது வந்து அவனிடம் ஏதாவது கேட்டால் அவன் வாய் திறப்பதற்குள் அவளே பதில் சொல்லிவிடுவாள். அன்பாகத்தான் செய்தாள். ஆனால் நாளாக ஆக அவன் அந்த "சரி"யைக்கூடச் சொல்வதைக் குறைத்துக்கொண்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

காரை ஓட்ட சதீஷ் என்பவனை வைத்திருந்தார்கள். கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றவன், நிதானமாக ஓட்டுவான். வாரா வாரம் சனிக்கிழமை இருசப்பனை அதே காரில் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய், கைகாலுக்குப் பயிற்சி கொடுத்துக் கூட்டிவர வேண்டும். பஸ்ஸில் அவனை ஏற்றி இறக்க முடியாது.

அந்த வாரம் வியாழக்கிழமை சதீஷ் வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, வண்டி சரியில்லக்கா. ரேஸ் பண்ணா ஹெட்லைட்டு பளீர்னு எரியுது. ரெண்டு பல்பு போயிடுச்சு. பேட்டரி தண்ணி கொதிச்சு வெளிய வருது. டைனமோவே போயிருக்கும் போல."

"சவரிமுத்துகிட்ட காட்டினியா?"

"அவரு மச்சினி கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருக்காராம். வர்றதுக்கு செவ்வாக்கிழமை ஆவுமாம்."

சவரிமுத்துதான் ஊரில் வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்ப்பவர். "அப்போ இந்தச் சனிக்கிழமை போவ வேணாம், உட்டுடலாம்" என்று அமராவதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"சரி! சரி!"

கோபமான குரல். அவள் உள்ளே ஓடினாள். இருசப்பன் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தான். இடது கையால் வாசலைக் காட்டினான். வெளியே வரவேண்டுமாம். சதீஷும் அவளும் தாங்கிப் பிடித்துப் பூவரச மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவன் காரின் டிக்கியைக் காட்டினான். டிக்கியைத் திறந்து ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அவன் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

சதீஷ் பிரித்துப் பார்த்தான். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பொருள். ஒரு பக்கம் அலுமினியத் தகடு, இன்னொரு பக்கம் ஸ்பிரிங்கில் துருத்திக்கொண்டு நின்ற இரண்டு கறுப்புக் கார்பன் துண்டுகள்.

"ரெகுலேட்டரு, அக்கா! அண்ணன் எப்பவோ வாங்கி வெச்சிருக்காரு. டைனமோ எவ்ளோ கரண்டு குடுக்கணும்னு அளவு வெக்கிறது இதுதான். இது போனாதான் இப்பிடி மிஞ்சிப் போவும். உப்புக் காத்துல சீக்கிரம் போயிடும்."

"அப்போ மாத்து."

"ஐயோ, நான் ஓட்டுறவன்க்கா. பானெட்டுக்குள்ள கைய வெச்சா எனக்கு பயம்."

சதீஷ் போய்விட்டான். அவனுடைய தாழ்வான வயலில் தண்ணீர் நின்று நாற்று அழுகுகிறதாம். அமராவதி புருஷனைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கையால் ஒரு ஸ்பேனரை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"சரி," என்றான் மெதுவாக.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். இவன் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்யும்போது டீயோடு பக்கத்தில் நின்ற பழக்கம் மட்டும்தான் அவளுக்கு உண்டு. டைனமோ எது என்று தெரியும். நேராக அதன் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கப் போனாள். இருசப்பன் நாற்காலிக் கையை டம் டம்மென்று தட்டினான்.

"சரி! சரி!"

"இன்னாத்துக்கு கத்துற?"

அவன் பேட்டரியைக் காட்டினான். முதலில் அதன் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனர் பட்டுப் பொறி பறக்கும். அவளுக்கு அது விளங்குவதற்குள் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் சுலபமாக நடந்தது. போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டை நழுவவிட்டாள். டைனமோவின் பின்னால் இருந்த வயர்களைப் பிடுங்குமுன் அவன் தடுத்து, அவள் தலையைக் காட்டினான். அவள் தலையைத் தடவினாள். பூ எதுவும் இல்லை, ரப்பர் பேண்டுதான் இருந்தது. எந்த வயர் எங்கே போகிறது என்று அடையாளம் வைக்கச் சொல்கிறான். ரப்பர் பேண்டைக் கழற்றித் தடித்த வயரில் சுற்றினாள். அவிழ்ந்த முடி முகத்தில் விழுந்து, நெற்றியெல்லாம் கிரீஸ் ஆனது.

டைனமோவைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் காலடியில் கோணியை விரித்து உட்கார்ந்தாள். பின்மூடியைத் திறந்து திருப்புளியால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றினாள். அதன் ஓரமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. புதியதை வைத்தால் கார்பன் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு உள்ளே போக மறுத்தன. ஒன்றை அமுக்கினால் மற்றது எகிறியது. இரண்டையும் அமுக்கிப் பிடித்தால் திருகை முடுக்கக் கை இல்லை.

இருசப்பன் குனிந்து இடது கையை நீட்டினான். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கார்பனை உள்ளே தள்ளிப் பிடித்தான். பிடித்த பிடியை விடவில்லை. அவள் அவன் விரலுக்கு அடியில் தகட்டை நகர்த்தித் திருகை முடுக்கினாள். இரண்டு தலையும் முட்டிக்கொண்டிருந்தன. "இத்தினி மாசமா இந்தக் கைய நான் சோத்துக்குக்கூட உடலியே" என்று அவளுக்கு அப்போது தோன்றியதாம். பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள். பேட்டரி வயரையும் போட்டாள். காருக்குள் போய்ச் சாவியைத் திருப்பினாள். வண்டியைக் கிளப்ப அவளுக்குத் தெரியாது, சாவி போட மட்டும் தெரியும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னச் சிவப்பு லைட்டு எரியவில்லை. அவள் சந்தோஷமாக இறங்கி வந்தாள்.

"செவப்பு லைட்டு எரியல! சரியாயிடுச்சு!"

"சரி," என்றான் அவன், தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு.

"எரியலன்னா நல்லதுதான?"

"சரி! சரி! சரி!"

"சரி சரின்னா எது சரி? எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்? காலைலருந்து முதுகு ஒடிய குனிஞ்சு கெடக்கறேன், அப்பவும் குத்தம் சொல்லு நீ!"

அவன் நாற்காலியை அறைந்தான். அவள் ஸ்பேனரைக் கீழே போட்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் வெளியே எட்டிப்பார்த்தோம். மாதக்கணக்கில் கேட்காத சத்தம். அமராவதியும் தன் சத்தத்தைத் தானே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. பாதியில் நிறுத்தினாள். அவனுடைய கோணிய வாய் இன்னும் கோணியது. சிரிக்கிறான் என்று ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் கண்ணிலும் கிரீஸ்.

பிறகு அவன் பொறுமையாகக் காட்டினான். விரல்களை மூடி, விரித்தான். மறுபடி மூடினான். அவள் யோசித்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போன நாட்களை நினைத்துப் பார்த்தாள். சாவி போட்டதும் சிவப்புப் பொட்டு எரியும். இன்ஜின் ஓடியதும் அணையும். முதலில் எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் உள்ளே கரண்டு போகவில்லை.

"அப்போ புதுசும் போச்சா?"

அவன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து நாற்காலிக் கையில் தேய்த்துக் காட்டினான். பிறகு பழைய ரெகுலேட்டரின் ஓரத்தில் பூத்திருந்ததைத் தொட்டான். அவளுக்கு விளங்கிவிட்டது. ரெகுலேட்டர் உட்காருகிற இடத்திலும் அதே பூப்பு இருக்கும். தகடும் தகடும் ஒட்டாமல் கரண்டு எப்படிப் போகும்? எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சேலை முந்தானையால் துடைத்தாள். பளபளவென்று வெள்ளி தெரியும்வரை அவன் "சரி" சொல்லவில்லை. மறுபடி இரண்டு விரல் கார்பனைப் பிடிக்க, இரண்டு கை திருகை முடுக்கியது. இந்தத் தடவை சீக்கிரம் முடிந்தது.

சாவி போட்டபோது சிவப்புப் பொட்டு எரிந்தது.

கிளப்புவதற்குச் சதீஷைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னாள். இருசப்பன் கேட்கவில்லை. நாங்களும் போய்த் தூக்கி அவனை ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்தோம். பங்குனிக்குப் பிறகு அவன் அதில் உட்காருவது அன்றுதான். வண்டி கியரில் நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். இடது கையைக் குறுக்கே நீட்டிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமிக்கொண்டு ஓடியது. சிவப்பு அணைந்தது. ஹெட்லைட்டைப் போட்டான். இடது காலைக் குறுக்கே வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தான். அமராவதி முன்னால் நின்று ஹெட்லைட்டைப் பார்த்தாள். மேகம் மூடிய மத்தியானத்தில் சுவரில் வெளிச்சம் மங்கலாக விழுந்தது.

"இன்னும் மிதி! இன்னும்!"

இன்ஜின் உறுமியது. வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரே அளவாக நின்றது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் இறங்கவே இல்லை. அவளும் இறங்கச் சொல்லவில்லை. பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை பாண்டிச்சேரிக்குப் போனார்கள். பெரிய முதலியார்சாவடி தாண்டும்வரை இருசப்பன் முன்சீட்டிலிருந்து சதீஷின் ஓட்டலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தானாம், ஒரே சொல்லில். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண், "கை எப்படி இருக்குங்க?" என்று கேட்டாள். அமராவதி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவன் இடது கையைத் தூக்கி, நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைக் காட்டினான்.

செவ்வாய்க்கிழமை வந்த சவரிமுத்து பானெட்டைத் திறந்து பார்த்தார். "பெல்ட்டு கொஞ்சம் லூசா கீது," என்று அதை மட்டும் இழுத்து முடுக்கிவிட்டுப் போனார். அமராவதிக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

தை பிறந்து அளத்தில் வேலை தொடங்குவதற்குள் அவன் கைத்தடி ஊன்றி வாசல்வரை நடந்தான். கோடையில் சில சொற்கள் திரும்பின. "போ", "வா", "தண்ணி". "புளி" என்ற சொல் வந்த அன்று அந்த வீட்டில் மறுபடி குழம்புச் சண்டை நடந்தது. கார் ஓட்ட இனி முடியாது என்று டாக்டர் சொன்னபோது அவன் அழவில்லை. 2006 ஆவணியில் காரை விற்றார்கள். வாங்க வந்தவர்களில் இரண்டு பேரை அவன் வேண்டாமென்று திருப்பி அனுப்பினான். வானூரிலிருந்து வந்த அப்பாவு என்பவர் முதலில் பானெட்டைத் திறந்து டைனமோவைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தலையசைத்தான்.

கார் மண் பாதையில் இறங்கிப் போனது. அமராவதி அன்று அளத்துக்குப் போகவில்லை. தெருமுனைவரை அவனோடு நடந்துபோனாள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம் என்றாள். அவன் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று தடியால் முன்னே காட்டினான்.