மெழுகில் பொரித்த காயில்

பாடுகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. ஊரே கேட்கிற குரலைத் தாங்கள் மட்டும் வெளியிலிருந்து கேட்க முடியாது. சித்தூரில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் குறை நிறையவே இருந்தது. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகும் நான் குழுவை விடவில்லை. பஸ் ஏறிப் போய்ப் பாடிவிட்டு வருவேன். எழுபதுகளில் ஒரு வருஷம் மெட்ராஸ் ரேடியோ நிலையத்தில் எங்கள் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஒரு பாட்டின் நடுவே இரண்டு வரி நான் தனியாகப் பாடியிருந்தேன். மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு காலை அது ஒலிபரப்பாகும் என்றார்கள். எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. அன்றைக்குக் கேட்டால் கேட்டதுதான்.

ஆனால் எங்கள் வீட்டு ரேடியோவில் மெட்ராஸ் ஸ்டேஷன் எடுக்காது. எடுக்கும், எதிர் லாட்ஜ் தூங்கினால். அங்கே டியூப்லைட்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடுகிற வரைக்கும் எங்கள் ரேடியோவில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் வரும். திருப்பதியில் லாட்ஜ் எப்போது தூங்கியது?

என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்து சயன்ஸ் லேபில் வேலை பார்த்தார். ரேடியோ என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். விஷயத்தைச் சொன்னதும், "நான் பாத்துக்குறேன்" என்றார். அந்த 'நான் பாத்துக்குறேன்' ஏற்கெனவே ஒரு டேபிள் ஃபேனையும் ஓர் இஸ்திரிப் பெட்டியையும் காவு வாங்கியிருந்தது.

விரல் நீளத்துக் கறுப்புத் தண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஃபெரைட் ராடு என்றார். அதன்மேல் காகிதம் சுற்றி, காகிதத்தின்மேல் செம்புக் கம்பியை நெருக்க நெருக்கச் சுற்றினார். அந்தக் கம்பிச் சுருளுக்குக் 'காயில்' என்று பேராம். மொட்டை மாடியில் ஒரு மூங்கிலில் அதைக் குறுக்காகக் கட்டி, ஒயரை ஜன்னல் வழியாக இறக்கி ரேடியோவின் முதுகில் செருகினார். வேண்டாத சத்தம் வருகிற பக்கத்துக்குத் தண்டின் நுனியைக் காட்டினால் போதுமாம். அவர் மேலே திருப்பத் திருப்ப, நான் கீழே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தினேன். சட்டென்று லாட்ஜ் ஓய்ந்தது. மெட்ராஸ் செய்தி வாசிப்பவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசினார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. செய்தி வாசிப்பவர்மேல் இல்லை.

மரியாதை முதல் மழை வரைக்கும்தான் நின்றது. மார்கழி பிறக்கும் முன்பே வானம் பொத்துக்கொண்டது. ரேடியோவில் மறுபடியும் கடுகு. அவர் மேலே போய்க் கழற்றிக்கொண்டு வந்தார்.

"பேப்பர் நல்லா தண்ணி குடிச்சுக்கினு கீது. அதான் ஸ்டேஷனு நகர்ந்துபோச்சு."

"பவுடர் டப்பா ஒண்ணு காலியா கீது. அதுல போட்டு மூடிடுங்களேன்."

"தகரத்துல போட்டா மழையும் உள்ள வராது, மெட்ராசும் உள்ள வராது."

அதனால் ஒரு பிளாஸ்டிக் குழாயில் போட்டு, இரண்டு பக்கமும் தக்கை அடைத்து, எறும்புகூட நுழையாதபடி மெழுகு பூசினார். இரண்டொரு நாள் வெயிலும் மழையுமாகப் போனது. பிறகு அதுவும் படுத்துவிட்டது. திறந்து பார்த்தால், சோற்றுப் பானை மூடியின் அடிப்பக்கம்போல் குழாய் உள்ளே வேர்த்திருந்தது.

"இது வெளிய இருந்து வந்த தண்ணி இல்ல. ஈரத்தை உள்ள வெச்சு நாமளே மூடிக்கினோம்" என்றார், ஏதோ நானும் சேர்ந்து மூடியதுபோல.

"வடாம் காயறதுக்கு முன்னாடி டப்பால போட்டா இன்னா ஆவும்னு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"சரே, சரே" என்றார். வாதம் தோற்கும்போது அவருக்குத் தெலுங்குதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிட்டது. நான் பண்டிகைக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில், வெந்நீர்ச் சட்டிக்குள் ஒரு தகரக் கிண்ணத்தை வைத்து, கரண்டு போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தித் துண்டுகளை எல்லாம் அவர் உருக்கினார். அடுப்போரம் நன்றாக உலர்த்தி எடுத்த காயிலை அதில் முக்கினார். காகிதத்திலிருந்து பொடிப்பொடியாய்க் குமிழிகள் கிளம்பின.

"எவ்ளோ நேரம் வெக்கணும்?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

"என் சட்டியப் பாருங்க. சலசலப்பு அடங்கினா முறுக்கு வெந்துச்சுன்னு அர்த்தம். உங்களுதும் அடங்கட்டும்."

சிரித்தார், ஆனால் குமிழி அடங்கும் வரை காத்திருந்தார். ஈரமும் காற்றும் போன இடத்தில் மெழுகு போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். அன்று சுட்ட முறுக்கில் மெழுகு வாசனை அடிப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மெழுகு ஏறிய காயிலைக் குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடியவர், மூங்கிலில் கட்டினால் அடிப்பக்கமாக வரும் இடத்தில் ஊசியைக் காய்ச்சி ஓர் ஓட்டை போட்டார்.

"மழைக்குப் பயந்து இவ்ளோ செஞ்சிட்டு ஓட்டை போடறீங்களே!"

"எவ்ளோ மூடினாலும் கொஞ்சம் வேர்க்கும்மா. வந்தது போறதுக்கு ஒரு வழி வேணும்."

ஞாயிறு காலை நல்ல மழை. ரேடியோவைப் போட்டேன். மெட்ராஸ் துல்லியமாக வந்தது, கடுகு ஒன்றுகூட வெடிக்கவில்லை. சித்தூர் என்று எங்கள் சபையின் ஊர்ப் பெயரைச் சொன்னபோது சத்தத்தை இன்னும் கூட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம்.

பாட்டு தொடங்கியது. ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டேன். குழு ஓய்ந்தது. முதல் வரி வந்தது. யாரோ ஒரு பெண், நான் நினைத்திருந்ததைவிடச் சின்னக் குரல், பயப்படாமல் பாடினாள். இது நானா என்று நினைப்பதற்குள் இரண்டாவது வரி தொடங்கியது. அதே நேரம் மொட்டை மாடியிலிருந்து ஒரு கத்தல்:

"வருதா? ஏம்மா, வருதா?"

பதில் சொன்னால் என் வரி போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். பதில் வராததால் இன்னும் உரக்கக் கத்தினார். "வருதா? வருதா?" இரண்டாவது வரி முழுக்க அதிலேயே போனது. குழு மறுபடியும் சேர்ந்துகொண்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் படியேறி ஓடினேன். மழையில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். கையில் குடை. அதை அவர் குழாய்க்குப் பிடித்திருந்தார்.

"அதான் மெழுகு போட்டீங்க, ஓட்டை போட்டீங்க. குடை எதுக்கு?"

"மனசு கேக்கல. வந்துச்சா?"

"வந்துச்சு. ஒரு வரி கேட்டேன், இன்னொரு வரில நீங்கதான் கத்திக்கினு இருந்தீங்க. நீங்க அதுகூடக் கேக்கல."

"எனக்கு எதுக்கும்மா ரேடியோ? நான்தான் தெனம் கேட்டுக்கினு கீறேனே."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.