ஹமீதா சிஸ்டரும் என் வயிற்றெரிச்சலும்

ஹமீதா சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "பேஷண்ட்ஸ் யாராவது வந்திருக்காங்களா?" என்றுதான் கேட்டேன். "தெருவே அடைச்சிக்கினு கீது மேடம்" என்றார் அங்கே போயிருந்த வார்டு ஆயா. வயிறு எரிந்தது. சாவு வீட்டைப் பார்த்தும் பொறாமைப்படுகிற பிறவி நான். எங்கள் இருவரோடும் வேலை பார்த்த உங்களுக்கு இது புதிதல்ல.

மயிலாப்பூரில் எங்கள் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் நான் டாக்டர், அவர் நர்ஸ். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் நோயை அடக்கும்; கூடவே கால் ரத்தக் குழாய்க்குள் ரத்தத்தை உறையவும் வைத்துவிடும். அந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்க இன்னொரு மாத்திரையும் உண்டு. "கால் வீக்கம் இருக்கா?" என்று நான் கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். ஹமீதா வாசலில் நின்று, "இன்னா நைனா, எந்தக் கால் செருப்பு டைட்டா கீது?" என்பார். உடனே காலை நீட்டுவார்கள். என்னிடம் வாய் திறக்காதவர்கள் அவரிடம் மருமகள் சண்டை வரை சொன்னார்கள்.

ஒரு கந்த சஷ்டி முடிந்த மறுநாள் எங்கள் மைலோமா நோயாளி வைத்தி மாமா வந்தார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, "பிரமாதமா இருக்கு" என்று அனுப்பிவிட்டேன். வாசலில் ஹமீதா மறித்தார். இடது காலில் மட்டும் செருப்பு வார் அழுந்தப் பதிந்திருந்தது.

"விரதம் இருந்தீங்களா மாமா? மாத்திரை ரெண்டும் போட்டீங்களா?"

"கேன்சர் மாத்திரையை விடலை. ரத்தம் உறையாம இருக்கறதுக்குத் தந்ததை மட்டும் ஆறு நாளா போட்டுக்கலை. வெறும் வயத்துல போடப்படாதுன்னு டாக்டர்தானே சொன்னா."

சொன்னது நான்தான். விரதம் உண்டா என்று கேட்காமல் விட்டதும் நான்தான். ஸ்கேனில் தொடை வரை ரத்தம் உறைந்திருந்தது. அன்றே சேர்த்து ஊசி போட்டதால் பிழைத்தார்.

மாதக் கூட்டத்தில் இதைப் பேசும்போது, "நான் கவனித்தேன்" என்றேன். வாய் தவறவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். ஹமீதா கடைசி வரிசையில் இருந்தார். வெளியே வந்ததும், "நல்லா சொன்னீங்க மேடம். இனிமே எல்லாரும் விரதம் இருக்கான்னு கேப்பாங்க" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சாவுக்குப் போனபோது சிந்தாதிரிப்பேட்டையில் ஹமீதா வீட்டு வாசலில் வைத்தி மாமா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார். "அன்னிக்கு நீங்க கண்டுபிடிக்கலேன்னா நான் இல்லை. நீங்க சொல்லித்தான் வாசல்ல நிறுத்தினேன்னு சிஸ்டரே சொன்னா."

சுற்றிலும் எங்கள் நோயாளிகள். தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். "நான் உங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன் மாமா. கண்டுபிடிச்சு நிறுத்தினது ஹமீதா" என்றேன்.

"அவா ஒருநாளும் அப்படிச் சொல்லலையே" என்றார்.

சொல்ல மாட்டார். எனக்கு வராத அந்தக் குணத்தின் மேல்தான் இன்னும் பொறாமையாக இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பொறாமை ஒன்றைத்தான்.