போத்தலுக்கு விட்ட இடம்

வெறும் சோடாப் போத்தலின் கழுத்தில் கரண்டி படும்போது வரும் "ணிங்" என்ற சத்தம் கொஞ்சம் கூர்மையானது. டோலக்கு எவ்வளவுதான் அதிர்ந்தாலும் அது தனியே வந்து பல்லில் படும். எங்கள் வீட்டில் அது யூட் அண்ணனின் சத்தம்.

புத்தளத்துக்குப் பக்கத்தில், சிரம்பியடியில் நாங்கள் இருந்தோம். ஊர் எங்களைக் "காப்பிரி" என்னும். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். எந்தக் காலத்திலோ ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட சனத்தின் பிள்ளைகள். அப்பா மட்டும் கற்பிட்டித் தமிழர், அதனால் வீட்டில் தமிழ். அம்மாவின் ஆட்கள் பாடும் "மஞ்சா" பாட்டுகளில் இருப்பது பழைய போர்த்துக்கேயம். பாதிச் சொல்லுக்குப் பாடுகிறவர்களுக்கே பொருள் தெரியாது. பள்ளிக்கூடத்தில் "என்னடி அர்த்தம்?" என்று பிய்த்தெடுப்பார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டால், "அர்த்தமா? உனக்கு வேற வேலை இல்லையா?" என்பார்.

பாட்டைப் பற்றி அவர்கள் கதைக்கிற விதமே வேறு. நல்ல பாட்டு, கூடாத பாட்டு என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மெல்லத் தொடங்கும்போது "நடக்குது" என்பார்கள், வேகம் பிடித்தால் "ஓடுது", இருந்தவர்களெல்லாம் எழும்பி ஆடிவிட்டால் "கொதிக்குது". பாட்டு அவர்களுக்கு ஒரு வீடு. டோலக்கு அடிக்கிற மாமா, சிரட்டை தட்டுகிற அம்மா, போத்தல் அடிக்கிற அண்ணன், கை தட்டுகிற நான், எல்லோருக்கும் அதில் ஆளுக்கோர் "இடம்" உண்டு. ஒருவர் ஊரில் இல்லையென்றால் அவருடைய இடத்தை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் அடிப்பார்கள். அவருடைய தட்டு விழவேண்டிய நேரத்தில் ஒன்றும் விழாது. "ஆள் வரும்வரைக்கும் அது அவன்ட இடம்," என்பார் அம்மாவின் தம்பியான மாமா, "செத்தவன்ட இடத்தைத்தான் இன்னொருத்தர் எடுக்கலாம்."

அண்ணன் கற்பிட்டியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற வள்ளத்தில் வேலை செய்தான். சோளகக் காற்று அடிக்கிற ஒரு காலத்தில் வள்ளம் திரும்பவில்லை. தேடினார்கள், தேடுகிறோம் என்றார்கள், பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையென்றால் வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? பள்ளிக்கூடம் போனேன், கணக்குச் செய்தேன், பாணும் சம்பலும் தின்றேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல எல்லாம் மரத்துக் கிடந்தது.

அப்பா ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை வைப்போம் என்றார். "என்ட பிள்ளை வருவான், உயிரோட இருக்கிறவனுக்கு என்ன பூசை?" என்று அம்மா பாய்ந்தார். அப்பா அந்தக் கதையை அதோடு விட்டுவிட்டார். ஞானஸ்நானம், பிறந்தநாள், எங்கே மஞ்சா போட்டாலும் அண்ணனின் இடம் வெறுமையாகவே வந்தது. விருந்தாளிகளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். பாட்டு ஓடும், கொதிக்கும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் மட்டும் படி இருக்கிறதென்று காலை வைத்து ஏமாந்ததுபோல ஓர் இறக்கம். ஆடுகிற சனம் அதைத் தாண்டிப் போனது. நானும் தாண்டப் பழகிக்கொண்டேன்.

மாமாவின் மகள், என் மச்சாள், அவளுடைய கலியாணத்தில்தான் அது நடந்தது. பகல் சாப்பாடு முடிந்து மாமா டோலக்கை எடுத்தார், பாட்டு நடக்கத் தொடங்கியது. அம்மா சிரட்டையைக் கீழே வைத்தார். மேசையில் கிடந்த போத்தலை எடுத்தார், யாரோ வட்டிலப்பம் தின்றுவிட்டு வைத்த கரண்டியைச் சீலையில் துடைத்தார். "ணிங்." அண்ணன் அடிக்கிற அதே இடத்தில். மாமாவின் கை ஒரு தட்டுத் தவறி, பிறகு பிடித்துக்கொண்டது. ஒருவரும் நிற்பாட்டவில்லை. அப்பா கதிரையை விட்டு எழும்பி வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் செத்துப்போனான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஆனாலும் நான் கை தட்டிக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த கிழமை பூசை வைத்தோம்.

இப்போது அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. நான் கட்டாரில் வேலை செய்கிறேன். போன மாதம் அந்த மச்சாளின் மகளுக்குக் கலியாணம். எனக்கு லீவு கிடைக்கவில்லை, மச்சாள் போனில் வீடியோ அனுப்பினாள். பெரிய ஸ்பீக்கர், கலர் லைட், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. டோலக்கு இருந்தது, சிரட்டை இருந்தது, போத்தலும் இருந்தது. என் இடம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே, கொஞ்சமும் பிசகாமல் அதில் கை தட்டினாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கு இதெல்லாம் யார் சொன்னது? இடம் விடுகிற பழக்கம் எப்போது போனதென்று எனக்கே தெரியாது. "எப்பிடி மச்சாள், பாட்டு நல்லா இருந்திச்சா?" என்று வீடியோ அனுப்பிய மச்சாள் போனில் கேட்டாள். நான் இன்னும் சாகவில்லையடி என்று வாய்வரைக்கும் வந்தது. "ஓம், ஒரு குறையும் இல்லை" என்றேன்.

பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதே பாட்டை மெல்லப் பாடி நானே கை தட்டினேன். போத்தலுக்கு மட்டும் இடம் விட்டேன்.