நார்ஃபோக்கில் வெட்டாமல் விட்ட திட்டு

எம்.ஏ. புவியியல் படித்தபோது இங்கிலாந்தின் மாவட்டங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொடுத்து, நிலம், வரலாறு, பண்பாடு மூன்றையும் வகுப்பில் பேசச் சொன்னார் பேராசிரியர். மலை இருந்த மாவட்டங்களுக்கெல்லாம் அடிதடி. யாரும் சீந்தாத நார்ஃபோக் என் தலையில் விழுந்தது.

மதுரையில் விடுதியில் தங்கியிருந்தேன். ஊர் எழுமலை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். கோடை விடுமுறையில் அம்மாவோடு கண்மாய் வெட்டும் வேலைக்குப் போய் மண் சுமந்ததைச் சொல்லவில்லை. தெரிந்தால் மெஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம். அந்த வயதில் எனக்கு ரோஷம் அதிகம், தைரியம் கம்மி.

படிக்கப் படிக்க நார்ஃபோக் பிடித்துப்போனது. இரண்டு பக்கம் கடல். பேருக்குக்கூட ஒரு மலை கிடையாது. கண்ணுக்கெட்டியவரை பார்லி. ஒரு காலத்தில் ஆட்டு ரோமம் விற்றே பணக்காரர்களாகி, வயலில் கிடந்த சிக்கிமுக்கிக் கல்லை வைத்து ஊருக்கு ஊர் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். கடல் கடந்து வந்த நெசவாளர்களுக்குத் தறி போட இடம் கொடுத்திருக்கிறார்கள். வெளியூர் நெசவாளர்கள் வந்து தறி போட்ட மதுரையில் உட்கார்ந்து படித்த எனக்கு இது ஒன்றும் அந்நியமாக இல்லை.

கிழக்குப் பக்கம் நிறைய ஏரிகள். அவை இயற்கையாக உண்டானவை என்றது நூலகத்தின் பழைய புத்தகம். பேராசிரியரின் குறிப்பும் அதையே சொன்னது. ஆனால் வரைபடத்தில் தண்ணீருக்கு நடுவே நூல் பிடித்ததுபோல நேராக, ஒல்லியான மண் திட்டுகள் தெரிந்தன. எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"இதெல்லாம் ஆள் வெட்டின ஏரி சார்" என்றேன் வகுப்பில். பின்வரிசையில் சிரித்தார்கள்.

"எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?" என்றார் பேராசிரியர்.

எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டு மேலே பேசியிருக்கலாம். ஆனாலும் கண்ணால் கண்டதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"எங்க ஊர்க் கண்மாய்ல எம்புட்டு ஆழம் வெட்டிருக்கோம்னு அளக்குறதுக்கு நடுவுல ஒரு திட்ட வெட்டாம விடுவோம் சார். தண்ணி அரிச்சா இப்படி நேராவா இருக்கும்?"

"விடுவோம்னா? நீயுமா?"

"நானும் எங்கம்மாவும் மண்ணு சுமந்திருக்கோம் சார்."

சிரிப்பு நின்றது. பேராசிரியர் மேலே சொல்லச் சொன்னார்.

அடுத்த வாரம் எங்கிருந்தோ புதிய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்து வகுப்பில் வாசித்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் அடுப்பெரிக்க, செடிகொடி மக்கி விறகுபோல எரியும் மண்ணை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளங்களில் தண்ணீர் ஏறியதால் வந்த ஏரிகளாம். திட்டு விஷயத்தில் என் கணக்கு பாதி தப்பு. அளப்பதற்காக அல்ல, ஆளுக்காள் பங்கு பிரிக்க விட்டிருந்தார்கள்.

"நான் இத்தனை வருஷமாத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மதியம் மெஸ்ஸில், பின்வரிசையில் சிரித்தவர்களில் ஒருத்தி தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மண்ணுக்கூடை எம்புட்டு கனம்டி இருக்கும்?"

"லீவுக்கு எங்க ஊருக்கு வா. தூக்கிப் பாரு" என்றேன்.